பந்திக்கு முந்திய பொங்கலூர்க் கோழி

1859-ல் ஒரு பாத்திரம் புல் கஷாயம் பிரான்ஸ் நாட்டு அறிவாளிகளை இரண்டு கட்சியாக உடைத்தது. காய்ச்சியவர் பெயர் ஃபெலிக்ஸ் ஆர்க்கிமேத் பூஷே. ரூவன் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் தலைவர். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் காய்ச்சி, வெளிக்காற்று படாமல் அடைத்து வைத்தால் சில நாளில் கஷாயம் கலங்குகிறது, உள்ளே பூச்சிகள் நீச்சலடிக்கின்றன என்று கண்டார். ஆக, உயிர் என்பது தானாகவே முளைப்பது என்று தடியாக ஒரு புத்தகமும் போட்டுவிட்டார்.

லூயி பாஸ்டருக்கு வந்ததே கோபம். உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்பது அவர் கட்சி. அவர் காய்ச்சியது ஈஸ்ட் போட்ட சர்க்கரைத் தண்ணீர். அது கொதித்து ஆறினால் சுத்த சைவம், ஒன்றும் முளைப்பதில்லை. 1860-ல் 20 குடுவைகளைத் தூக்கிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைப் பனியாற்றுக்கு ஏறினார். மலைக்காற்றைக் குடுவைக்குள் விட்டு மூடிக் கொண்டுவந்தார். ஒன்றே ஒன்றுதான் கெட்டது. பூஷே சும்மா இருப்பாரா? 1863-ல் இரண்டு சகாக்களைக் கூட்டிக்கொண்டு பிரனீஸ் மலையில், பாஸ்டர் ஏறியதைவிட உயரமான இடத்துக்கு, 8 குடுவை புல் கஷாயத்தோடு ஏறினார். எட்டும் கெட்டது.

பாஸ்டர் இதற்குச் சொன்ன பதில்தான் அறிவியல் வரலாற்றின் ஆகச் சிறந்த குழாயடிச் சண்டை. குடுவையின் கழுத்தை நீங்கள் அரத்தால் அறுத்தீர்கள், அதுதான் தப்பு. நான் குறடால் உடைத்தேன் என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். 1864-ல் சண்டையைத் தீர்க்க பிரெஞ்சு அறிவியல் அகாதமி ஒரு கமிட்டி போட்டது. கமிட்டியில் உட்கார்ந்தவர்கள் யார் பக்கம் என்று பூஷேவுக்குத் தெரிந்துபோனது. நிபந்தனை சரியில்லை என்று விலகிவிட்டார். பாஸ்டருக்கு வெற்றி. இரண்டு பேரும் கஷாயத்தை மாற்றிக் காய்ச்சியிருந்தால் பள்ளிப் புத்தகத்தில் யார் படம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஏனென்றால் இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் கொதிக்க வைத்தார்கள். வித்தியாசம் சட்டியில் போட்ட சரக்கில்தான் இருந்தது. காய்ந்த புல்லில் கொதித்தாலும் சாகாத பாக்டீரியா ஒன்று குடியிருந்தது.

இன்று இஞ்சி டீயிலும் காபித்தூளிலும் வெந்நீரில் கலக்கும் பாக்கெட்டிலும் ‘சூட்டைத் தாங்கும் புரோபயாட்டிக்’ என்று அச்சடித்து விற்கிறார்களே, அந்தக் கம்பெனிகள் எல்லாம் பூஷேவுக்கு ஒரு மாலை போட வேண்டும். சூடான பானத்தில் சாகாத பாக்டீரியாவைக் கலந்து, மூடி வைத்து, அது பிழைத்திருப்பதை ஊருக்கே காட்டிய ஆள் அவர். குடித்துப் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

புல்லுக்குள் இருந்த ரகசியத்தை 1876-ல் பிரெஸ்லாவ் நகரத்துத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் கண்டுபிடித்தார். சாப்பாடு தீர்ந்துபோனால் இந்த பாசில்லஸ் வகைப் பாக்டீரியா அழுது புலம்புவதில்லை. தன் உயிர்ச்சரக்கை மட்டும் ஒரு மூலையில் ஒதுக்கி, தண்ணீரை வெளியேற்றி, கால்சியத்தோடு டைபிகோலினிக் அமிலத்தைச் சேர்த்துக் கெட்டியாக்கி, மேலே ஒன்றன்மேல் ஒன்றாக உறை போட்டுக்கொள்கிறது. மிச்ச உடம்பு கரைந்து போகும். மிஞ்சுவதுதான் ஸ்போர். பொங்கலூர், குண்டடம் பக்கம் சின்ன வெங்காயத்துக்கு விலை இல்லாத காலத்தில் பட்டறை போட்டு மூடிவிட்டு, விலை ஏறுகிற வரைக்கும் திறக்காமல் இருப்பார்களே, அந்த நிதானம்தான். ஸ்போர் சாப்பிடாது, வளராது, பெருகாது. சுடுதண்ணியா, வயிற்று அமிலமா, வருஷக்கணக்கில் பட்டினியா, ஊற்று, பார்த்துக்கொள்ளலாம் என்று கிடக்கும். ஈரமும் தீனியும் கிடைக்கிற இடம் வந்தால் கதவைத் திறக்கும்.

லண்டனில் ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர் இது தெரியாமல் படாத பாடு பட்டார். அவரும் பாஸ்டர் கட்சி. ஐந்து நிமிஷம் கொதித்தால் எல்லாப் பூச்சியும் காலி என்று மேடையில் பேசியவர். அதே 1876 கடைசியில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் பழைய புல்லுக்கட்டு ஒன்று வந்து சேர்ந்தது. அதோடு போயிற்று. நேற்றுவரை சொன்னபடி கேட்ட கஷாயங்கள் எல்லாம் கெட ஆரம்பித்தன. மணிக்கணக்காகக் காய்ச்சினார், கெட்டது. புல்லில் கிளம்பிய ஸ்போர் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது என்று புரிந்துகொண்டு, மூட்டை முடிச்சோடு கியூ தோட்டத்து ஆய்வுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். பாக்டீரியாவுக்குப் பயந்து வீடு காலி செய்த மேதை! 1877-ல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். ஒரு தடவை சூடு காட்டு, ஆற விடு, ஸ்போர் ஏமாந்து கதவைத் திறக்கட்டும், அப்போது மறுபடி சூடு காட்டு. இப்படி நாலைந்து தடவை விட்டு விட்டு அடித்தால் ஆள் காலி. இதற்கிடையில் ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் என்ற ஆங்கிலேய டாக்டர், கொதிக்க வைத்த மூத்திரத்தில் பொட்டாஷ் கலந்து 50 டிகிரி சூட்டில் வைத்து, உயிர் முளைக்கிறது பார் என்று பாஸ்டரை வம்புக்கு இழுத்தார். சூடான பானங்களின் வரலாற்றில் இதையும் சேர்க்க வேண்டுமா என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறேன். ஆனால் அந்த வம்பில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது. பாஸ்டரின் சிஷ்யர் சாம்பர்லாண்ட், 100 டிகிரி போதாது என்று ஒத்துக்கொண்டு, நீராவியை அழுத்திச் சூடேற்றும் ஆட்டோகிளேவை 1879-ல் செய்தார். இன்றும் ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல் வேகிற பாத்திரம் அதுதான். நம் வீட்டுக் குக்கரும் விசில் அடிக்கிற நேரத்தில் ஏறக்குறைய அதே 120 டிகிரியைத்தான் தொடுகிறது.

இவர்கள் ஒருபக்கம் கொல்ல வழி தேட, பாரிஸில் இன்னொரு கோஷ்டி பாக்டீரியாவைக் குடிக்க ஆரம்பித்தது. பாஸ்டர் பெயரில் இருந்த நிறுவனத்திலேயே உட்கார்ந்துகொண்டு இலியா மெச்னிக்காப் என்ற ரஷ்யர், மனிதன் கிழவனாவதற்குப் பெருங்குடல்தான் காரணம், அங்கே அழுகுகிற சரக்குதான் விஷம் என்றார். பல்கேரியக் கிராமத்து ஆட்கள் தயிர் குடித்து நூறு வயசு வாழ்கிறார்களாம். அந்தத் தயிரிலிருந்து ஸ்டாமன் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் 1905-ல் ஒரு பாக்டீரியாவைப் பிடித்துக் கொடுத்திருந்தார். 1907-ல் மெச்னிக்காப் புத்தகம் எழுத, 1908-ல் வேறு வேலைக்காக அவருக்கு நோபல் பரிசும் வர, ஐரோப்பா முழுக்கப் புளித்த பால் ஜுரம் பிடித்துக்கொண்டது. லண்டனில் சர் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை நிபுணர் இன்னும் ஒரு படி மேலே போய், குடல்தானே பிரச்சினை, வெட்டி எறிந்துவிடலாம் என்று மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே கழற்ற ஆரம்பித்தார். மோர் குடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் டாக்டர் என்று சொல்லத் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். மெச்னிக்காப் தினமும் புளித்த பால் குடித்து 1916-ல், 71 வயதில், இதய நோயில் போய்ச் சேர்ந்தார். அந்த வயசில் எங்கள் பக்கம் பாட்டிமார்கள் காட்டுக்குக் களை வெட்டப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அவருடைய தயிர்ப் பாக்டீரியாவுக்கு ஒரு பெரிய பலவீனம். சூடு ஆகாது. 60 டிகிரியைத் தாண்டினால் சுருண்டுவிடும். கெட்டித் தயிரைக் கொண்டுபோய் மோர்க்குழம்பில் ஊற்றிக் கொதிக்க விட்டால் ருசி மிஞ்சும், பூச்சி மிஞ்சாது. டீக்கடை பாய்லருக்குப் பக்கத்தில்கூட அதனால் நிற்க முடியாது.

சூட்டைத் தாங்குகிற கதாநாயகன் அமெரிக்காவில் வில்லனாகத்தான் அறிமுகமானான். 1915-ல் அயோவா மாநில வேளாண் ஆய்வு நிலையத்துக்குக் கெட்டுப்போன டப்பாப் பால் வந்தது. சுண்டக் காய்ச்சி, டப்பாவில் அடைத்து, மறுபடி நீராவியில் வேக வைத்த பால். அதற்கு மேல் ஒரு பாலை என்ன கொடுமைப்படுத்த முடியும்? அதுவே உள்ளே திரிந்து கட்டியாகிக் கிடந்தது. பி. டபிள்யூ. ஹாமர் என்பவர் குற்றவாளியைப் பிடித்து, பாலைத் திரிய வைத்ததால் ‘பாசில்லஸ் கோயாகுலன்ஸ்’ என்று கைதி எண் கொடுத்தார். பின்னால் டப்பாத் தக்காளிச் சாற்றிலும் இதே ஆள் மாட்டினான். டப்பா உப்பாது, வீங்காது, வெளியில் பார்த்தால் உத்தமன். திறந்து வாயில் வைத்தால் புளிப்பு. உணவுக் கம்பெனிகள் இவனை ஒழிக்க அடுப்பு மேல் அடுப்பு மாற்றின.

1933-ல் சோவியத் நாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே ஆளைப் பார்த்து, லாக்டிக் அமிலம் சுரக்கிறதே, அப்படியானால் தயிர் ஜாதி என்று முடிவு கட்டி, ‘லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்’ என்று ஞானஸ்நானம் செய்து வைத்தார்கள். பின்னால் வகைப்பாட்டுப் பெரியவர்கள் ஸ்போர் போடுகிறவன் தயிர் ஜாதியாக முடியாது என்று பழைய பெயருக்கே திருப்பினார்கள். 2020-ல் வைஸ்மேனியா என்றார்கள், 2023-ல் ஹெய்ண்ட்ரிக்சியா என்றார்கள். ஆதார் கார்டு இருந்திருந்தால் இ-சேவை மையத்து வரிசையிலேயே ஆயுள் முடிந்திருக்கும். நம் மருந்துக்கடைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆன்டிபயாட்டிக் எழுதிய கையோடு வயிறு கெடாமல் இருக்க டாக்டர் ஸ்போர்லாக் மாத்திரை எழுதிக்கொடுப்பார், அந்தப் பழைய சோவியத் பெயர் அதை இன்னும் விட்டபாடில்லை. திருப்பூரில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்காதவர் இல்லை. ஆக டப்பாப் பால் கெடுத்த பழைய கேடியை விழுங்காதவரும் அநேகமாக இல்லை.

இந்த பாசில்லஸ் வம்சம் நம்மை வந்து சேர்ந்த வரிசைதான் எனக்குப் பிடித்த சங்கதி. மனிதன் வயிற்றுக்கு முன்னால் துணி வந்து நின்றது. 1917 வாக்கில் போய்டின், எஃப்ரோன் என்ற இருவர் பாசில்லஸ் பாக்டீரியா சுரக்கும் அமைலேஸ் நொதியைத் துணியில் ஏற்றிய கஞ்சியை எடுக்கப் பயன்படுத்தக் காட்டினார்கள். பல்லடம் வட்டாரத்து விசைத்தறியில் ஓடுகிற பாவுக்கு சைசிங்கில் கஞ்சி ஏற்றித்தான் தறிக்கு வரும். காடாத்துணி சாயத்துக்குப் போகும் முன் அந்தக் கஞ்சி போயாக வேண்டும். அதற்குக் கொதிக்கிற தொட்டியிலும் அசராத நொதி வேண்டும். அதைத் தருவது இந்த வம்சத்தின் இன்னொரு பங்காளி, பாசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ். ஆக, நம் வேட்டிக்கு ஜீரண வைத்தியம் நமக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

அடுத்து கோழி. 1984-ல் உடுமலைப்பேட்டையில் சுகுணா என்று ஒரு கோழி வியாபாரம் தொடங்கி, 90-களில் ஒப்பந்தப் பண்ணை முறை சூடு பிடித்து, பல்லடம், பொங்கலூர் வானம் பார்த்த பூமியெல்லாம் நீள நீளமான கோழிக் கொட்டகையாக எழும்பின கதை ஊருக்கே தெரியும். இன்றும் கறிக்கோழிப் பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருங்கிணைப்புக் குழுதான் தினமும் அறிவிக்கிறது. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்ட் பில்லும் ராத்தூக்கம் கெடுவதும் மட்டும் பண்ணைக்காரருடையது. அதற்கு வளர்ப்புக் கூலி.

அந்தத் தீவனத்தை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். குஞ்சுக்குப் போடுகிற முதல் தீவனம் நொய் மாதிரி உடைத்திருக்கும், வளர்ந்த கோழிக்கு மிளகாய்க் காம்பு நீளத்தில் குச்சி குச்சியாக இருக்கும். மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் அரைத்து, நீராவி விட்டு 80 டிகிரி வாக்கில் பதமாக்கி, துளைத் தட்டு வழியாக அழுத்திப் பிதுக்கினால்தான் இந்தக் குச்சி வரும். இந்த அடுப்பில் தயிர்ப் பாக்டீரியாவைப் போட்டால் பாதி வழியிலேயே காரியம் முடிந்துவிடும். ஸ்போர் போடுகிற பாசில்லஸ் மட்டும் நீராவிக் குளியல் முடித்து, மூட்டையில் ஏறி, லாரியில் வந்து, கோழி வயிற்றில் இறங்கிக் கதவைத் திறக்கும். 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம், கோழி கொழுப்பதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் போடுவதை நிறுத்தியது. 2019-ல் இந்தியா கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைக்கு வேண்டாம் என்று தடை போட்டது. தீவனத்தில் காலியான இடத்துக்கு ஆள் தேடினபோது ஸ்போர்க்காரன் வரிசையில் முதலாக நின்றான்.

இது ஏதோ மனிதனுக்கு வந்ததைக் கோழிக்கும் கொஞ்சம் தூவினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1989-ல் ராபர்ட் ஃபுல்லர் புரோபயாட்டிக் என்றால் என்ன என்று இலக்கணம் எழுதினபோது, கால்நடைக்கு நன்மை செய்கிற உயிருள்ள நுண்ணுயிர்த் தீவனச் சேர்க்கை என்றுதான் எழுதினார். மனிதனுக்கும் செல்லும்படி ஐ.நா.வின் இரண்டு அமைப்புகள் அதைத் திருத்தி எழுதியது 2001-ல். பந்தியில் கோழி சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் நமக்கு இலை போட்டார்கள்.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து கேனடன் என்ற கம்பெனி பாசில்லஸ் கோயாகுலன்ஸின் ஒரு ரகத்துக்குக் காப்புரிமை வைத்துக்கொண்டு அதை மனித உணவுகளுக்கு விற்றது. 2012-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆட்சேபணை இல்லை என்றது. அப்புறம் ரொட்டி, ஓட்ஸ், டீ எல்லாவற்றிலும் இறங்கியது. பிகலோ என்கிற பழைய டீத்தூள் கம்பெனி எலுமிச்சை இஞ்சி டீப் பையில் அதைப் போட்டு விற்றது. 2017-ல் அயர்லாந்தின் கெர்ரி நிறுவனம் கேனடனையே வாங்கிவிட்டது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியிலும் கோயாகுலன்ஸுக்கு இடம் உண்டு. புரோபயாட்டிக் என்று போட்டால் ஒரு நாளைக்குச் சாப்பிடச் சொல்கிற அளவில் 10 கோடி உயிருள்ள பூச்சியாவது இருக்க வேண்டும். தமிழ்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம், ஒரு டம்ளருக்குள்.

சரி, வேலை செய்கிறதா? கோழிக்குச் செய்கிறதா என்பதற்கு அரை மணியில் கணக்கு வரும். கோழி எத்தனை கிலோ தீவனம் தின்று எத்தனை கிலோ எடை போட்டது என்கிற எஃப்.சி.ஆர். கணக்கு அது. பண்ணைக்காரரின் கூலியே அதில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணில்தான் ஏறி இறங்குகிறது. 40 நாள் சொச்சத்தில் லாரி வந்து நிற்கும், தராசு வரும், உண்மை தெரிந்துவிடும். மனிதனுக்குத் தராசு கிடையாது. ‘வயிறு இப்ப கொஞ்சம் லகுவா இருக்குதுங்’ என்பதுதான் நம் எஃப்.சி.ஆர். கோயாகுலன்ஸின் சில ரகங்களில் வயிற்று உப்புசம், எரிச்சல் குடல் நோய் ஆகியவற்றுக்குச் சின்னச் சின்ன ஆய்வுகள் நல்ல சேதி சொல்கின்றன. ஆனால் அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவர்கள் சங்கம் 2020-ல் எல்லா ஆய்வையும் கூட்டிக் கழித்துவிட்டு, எரிச்சல் குடலுக்குப் புரோபயாட்டிக் கொடுப்பதானால் ஆய்வுக்குள் வைத்து மட்டும் கொடுங்கள் என்று கையை விரித்துவிட்டது. ஒரு ரகத்துக்குக் கிடைத்த நல்ல பெயரை இன்னொரு ரகம் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்கிற பழக்கமும் இந்த வியாபாரத்தில் உண்டு.

இன்னொரு விஷயம், சூட்டைத் தாங்குகிறவன் எல்லாம் நல்லவன் இல்லை. மதியம் வடித்த சாதத்தைப் புழுக்கமான அடுக்களையில் அப்படியே விட்டு, ராத்திரி முட்டை போட்டு ஃபிரைட் ரைஸ் ஆக்கிச் சாப்பிட்டு, விடிய விடிய வாந்தி எடுக்க வைக்கிறவனும் இந்த வம்சத்துப் பங்காளிதான். பாசில்லஸ் சீரியஸ் என்று பெயர். வேகும்போது ஸ்போராக இருந்து தப்பி, ஆறின சோற்றில் முளைத்து, விஷத்தைக் கக்குகிறான். வறுத்தாலும் அந்த விஷம் போகாது. உடல் எதிர்ப்பு சக்தி அடிபட்டுக் கிடக்கிற நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எந்த உயிருள்ள பூச்சியையும் டாக்டரைக் கேட்காமல் டீயில் கலந்து குடிக்கக் கூடாது.

ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் ஒன்றரை ஷிப்ட் நிற்கிற ஆளை நினைத்துக்கொள்கிறேன். காலையில் சாப்பிடாமல் வந்து, பதினொரு மணிக்கு ஒரு டீயும் பன்னும், மத்தியானம் மூணு மணிக்கு ஆறின சோறு, சாயங்காலம் டீயும் வடையும், ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டா. ஆர்டர் ஏறுகிற மாசத்தில் அதுவும் நேரம் தப்பும். அவருக்கு கேஸ் டிரபிள் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த வயிற்றுக்கு 10 கோடி ஸ்போரைத் தனியாக அனுப்பி வைத்தால் அதுவும் உள்ளே நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்காமலே வெளியேறிவிடும் என்பது என் ஊகம். கம்மங்கூழில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்த தாத்தாக்களுக்குச் சூடு தாங்குகிற பூச்சி தேவைப்படவில்லை. அவர்கள் பூச்சியைச் சூடு பண்ணவே இல்லை. அவர்களும் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கவலை ஏற்றம் இறைத்து முடித்த நேரம்தான் சாப்பாட்டு நேரம்.

ஆனாலும் அந்தப் பூச்சி டீ பாக்கெட் வந்தே தீரும். ஊருக்குள் ஏற்கெனவே சத்துமாவு டீ, ஆவாரம்பூ டீ, நாட்டுச் சர்க்கரை டீ எல்லாம் வந்து பலகையில் இடம் பிடித்துவிட்டன. இதுவும் வந்து நின்றால், மாஸ்டர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார்: ‘ஏனுங்கண்ணா, பூச்சி தூக்கலாப் போடட்டுங்களா, மட்டாப் போடட்டுங்களா?’ பக்கத்து பெஞ்சில் கோழிப் பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தால், தலை நிமிராமலே பதில் சொல்வார்: ‘எதுக்குக் காசு குடுத்து? நம்ம கொட்டாயில கோழிக்கு மூட்டை மூட்டையா சும்மாவே வருதுங்.’